வளரும் சிவப்பணுவுக்குள் ஸ்டீராய்டு என்ன செய்கிறது? மரபணு வரை பின்தொடரும் முழுமையான வழிகாட்டி

வேலூரில் லேப் டெக்னாலஜி படிக்கும் பிள்ளைகளுக்கு ஹெமட்டாலஜி பாடம் எடுக்கிறேன். குடியாத்தம், ஆற்காடு, போளூர் பக்கத்திலிருந்து தினமும் பஸ் ஏறி வருகிறவர்கள். சிவப்பணு உருவாகும் பாடத்தில் ஸ்டீராய்டு என்ற பேச்சு வந்ததும் யாராவது ஒருவர் எழுந்து கேட்பார்: "சார், ஸ்டீராய்டு இளம் செல்லை முதிரவிடாமத் தடுக்கும்னு சொல்றீங்க. அப்புறம் எப்படி சார் ரத்தம் கூடும்?"

இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்துவிட்டால் மீதிப் பாடம் தானாக வந்துவிடும். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முதிர்வதைத் தள்ளிப்போடுவதால்தான் ரத்தம் கூடுகிறது. அது எப்படி என்பதை அட்ரினல் சுரப்பியில் தொடங்கி டி.என்.ஏ. வழியாக லேப் ரிப்போர்ட் வரை ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

எங்கள் ஊரில் இந்த விஷயம் பாடப்புத்தகத்தோடு நிற்பதில்லை. 1900ல் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனைதான் இன்றைய சி.எம்.சி. அங்கே 1986லிருந்து எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை நடக்கிறது. ரத்த நோய்க்காக வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வந்து காட்பாடியில் இறங்கி, காந்தி ரோடு லாட்ஜ்களில் வாரக்கணக்கில் தங்கும் குடும்பங்களை இங்கே எல்லோரும் பார்த்திருப்போம். அவர்களில் சில குழந்தைகளின் மருந்துச் சீட்டில் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை இருக்கும். ஆகவே இதை மாணவர்களுக்காக மட்டும் எழுதவில்லை. அந்த மாத்திரை பிள்ளைக்குள் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ள விரும்பும் பெற்றோருக்காகவும் எழுதுகிறேன்.

முதல் படி: எந்த வயதுச் செல் என்று பாருங்கள்

உடம்பில் ஒவ்வொரு நொடியும் சுமார் 20 லட்சம் சிவப்பணுக்கள் புதிதாக உருவாகின்றன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 120 நாள் உழைக்கும். இவை எல்லாம் எலும்பு மஜ்ஜையில் உள்ள ஸ்டெம் செல்லிலிருந்து வருகின்றன. ஸ்டெம் செல்லிலிருந்து சிவப்பணுப் பாதைக்குத் திரும்பும் முதல் முன்னோடி பி.எஃப்.யு-ஈ. அடுத்தது சி.எஃப்.யு-ஈ. அதன் பிறகுதான் நாம் ஸ்லைடில் அடையாளம் கண்டு பெயர் சொல்லும் புரோஎரித்ரோபிளாஸ்ட், அதைத் தொடர்ந்து பேசோஃபிலிக், பாலிக்ரோமாட்டிக், ஆர்த்தோக்ரோமாட்டிக் எரித்ரோபிளாஸ்ட்கள். கடைசியில் நியூக்ளியஸ் (உட்கரு) வெளியே தள்ளப்படும். மிஞ்சுவது ரெட்டிகுலோசைட். அது ரத்தத்துக்கு வந்து ஒன்றிரண்டு நாளில் முழுச் சிவப்பணுவாகிவிடும்.

இதில் மாணவர்கள் கவனிக்கத் தவறும் ஒரு விஷயம் உண்டு. பி.எஃப்.யு-ஈ, சி.எஃப்.யு-ஈ இரண்டையும் மைக்ரோஸ்கோப்பில் பார்த்து இன்னது என்று சொல்ல முடியாது. வளர்ப்பு ஊடகத்தில் விட்டு, எப்படிப்பட்ட காலனி உண்டாகிறது என்று பார்த்துத்தான் கண்டுபிடித்தார்கள். ஸ்டீராய்டு முக்கியமாக வேலை செய்வது கண்ணுக்குப் பிடிபடாத இந்த இரண்டு கட்டங்களில்தான். நீங்கள் ஸ்லைடில் பார்ப்பதெல்லாம் அந்த வேலையின் பின்விளைவு.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். முழுச் சிவப்பணுவுக்கு நியூக்ளியஸ் கிடையாது, அதனால் ஸ்டீராய்டு அதன் மரபணுவை மாற்றுகிறது என்ற பேச்சுக்கே இடமில்லை. 'வளரும்' சிவப்பணு என்று தலைப்பில் போட்டிருப்பது இதனால்தான்.

இரண்டாம் படி: ஹார்மோன் உள்ளே வரும் வழி

உடம்பே சுரக்கும் ஸ்டீராய்டு ஹார்மோன் கார்ட்டிசால். பிரெட்னிசலோன், டெக்ஸாமெத்தசோன் போன்ற மருந்துகள் அதே வேலையைச் செய்பவை; இந்த வகைக்குக் குளூக்கோகார்ட்டிகாய்டு என்று பெயர். கார்ட்டிசால் கொலஸ்ட்ராலிலிருந்து செய்யப்படுகிறது. பிட்யூட்டரி சுரப்பி ஏ.சி.டி.ஹெச். என்ற ஹார்மோன் மூலம் சொல்ல, அட்ரினல் சுரப்பியின் புறணி அதைச் சுரக்கிறது. காலையில் அதிகம், நள்ளிரவில் மிகக் குறைவு. ரத்தத்தில் போகும்போது பெரும்பகுதி புரதங்களோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஒட்டாத கொஞ்சம்தான் செல்லுக்குள் போகும். கொழுப்பில் கரையும் மூலக்கூறு என்பதால் செல் சவ்வைக் கடக்க அதற்குத் தனி வாசல் தேவையில்லை.

சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபாய்ட்டினோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். சிறுநீரகத்திலிருந்து வரும் அந்த ஹார்மோன் ஒரு புரதம். செல்லுக்கு வெளியே உள்ள ரிசப்டரில் (ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் புரதம்) ஒட்டி, ஜாக்-2, ஸ்டாட்-5 என்ற புரதங்கள் வழியாகச் செய்தியை உள்ளே அனுப்பும். ஸ்டீராய்டோ செய்தியோடு தானே நியூக்ளியஸ் வரை போகிறது.

மூன்றாம் படி: ரிசப்டர் டி.என்.ஏ.வைப் பிடிக்கும் இடம்

குளூக்கோகார்ட்டிகாய்டு ரிசப்டர் சைட்டோபிளாசத்தில் ஹெச்.எஸ்.பி.90 முதலிய துணைப் புரதங்களின் பிடியில் காத்திருக்கும். ஹார்மோன் வந்து பொருந்தியதும் அதன் வடிவம் மாறி, நிமிடக் கணக்கில் நியூக்ளியஸுக்குள் போய்விடும். அங்கே பெரும்பாலும் இரண்டு ரிசப்டர்கள் ஜோடி சேர்ந்து டி.என்.ஏ.வில் ஒரு குறிப்பிட்ட 15 எழுத்து வரிசையைத் தேடிப் பிடிக்கின்றன: ஏ-ஜி-ஏ-ஏ-சி-ஏ, நடுவில் எதுவாகவும் இருக்கக்கூடிய மூன்று எழுத்து, பிறகு டி-ஜி-டி-டி-சி-டி. ஒரு தாளில் இதை எழுதி, எதிர் இழையையும் எழுதிப் பாருங்கள். எதிர் இழையில் திருப்பிப் படித்தாலும் அதே வரிசை வரும். ஜோடியாக வரும் ரிசப்டருக்கு ஜோடியான இருக்கை. துத்தநாக விரல்கள் என்று சொல்லப்படும் ரிசப்டரின் பகுதி டி.என்.ஏ.வின் பள்ளத்தில் பொருந்தி உட்காரும்.

உட்கார்ந்ததும் அது துணைப் புரதங்களைக் கூப்பிடுகிறது. அவை டி.என்.ஏ. சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களில் அசிட்டைல் சேர்த்து இறுக்கத்தைத் தளர்த்த, ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் வந்து மரபணுவைப் படியெடுக்கத் தொடங்கும். சில மரபணுக்களில் இதற்கு நேர்மாறாக, ரிசப்டர் மற்ற புரதங்களின் வேலையை அடக்கும்.

"எல்லா செல்லிலும் இதே ரிசப்டர்தானே, கல்லீரலில் சர்க்கரையைக் கூட்டுகிற ஹார்மோன் மஜ்ஜையில் மட்டும் ஏன் வேறு வேலை செய்கிறது?" என்றும் கேட்பார்கள். ரிசப்டர் ஒன்றுதான். ஆனால் எந்த இடத்தில் டி.என்.ஏ. திறந்திருக்கிறது, பக்கத்தில் வேறு எந்தப் புரதங்கள் உட்கார்ந்திருக்கின்றன என்பது செல்லுக்குச் செல் மாறும். 2015ல் வந்த ஒரு ஆய்வு இதை நன்றாகக் காட்டியது. பி.எஃப்.யு-ஈ செல்களில் பி.பி.ஏ.ஆர்-ஆல்ஃபா என்ற இன்னொரு ரிசப்டரைத் தூண்டினால், அது குளூக்கோகார்ட்டிகாய்டு ரிசப்டர் இருக்கும் இடங்களுக்குப் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்து, முன்னோடிகள் பெருகுவதை மேலும் கூட்டுகிறது.

நான்காம் படி: எந்த மரபணு ஏறுகிறது, எது அடங்குகிறது

இங்கேதான் நிதானமாக நிற்க வேண்டும்.

ஏறுகிறவற்றில் முதல் கூட்டம், செல்லை இளமையாக வைத்திருப்பவை. ஸ்டெம் செல் ஃபேக்டர் என்ற வளர்ச்சிப் புரதத்தைப் பிடிக்கும் கிட் ரிசப்டர், மிப் என்ற டிரான்ஸ்கிரிப்ஷன் புரதம் (மரபணு படியெடுப்பதைக் கட்டுப்படுத்துவது) ஆகிய இரண்டும் டெக்ஸாமெத்தசோன் இருக்கும்போது குறையாமல் நிற்கின்றன. வளர்ப்பில் எரித்ரோபிளாஸ்ட்களைப் பெருக்க எரித்ரோபாய்ட்டின், ஸ்டெம் செல் ஃபேக்டர், டெக்ஸாமெத்தசோன் மூன்றையும் சேர்த்தே கொடுப்பார்கள். முதிர வைக்க வேண்டும் என்றால் பின்னிரண்டையும் எடுத்துவிட்டு எரித்ரோபாய்ட்டினை மட்டும் தொடர்வார்கள். லேப் வேலையாகப் பார்த்தாலே ஸ்டீராய்டின் குணம் புரிந்துவிடும்.

இரண்டாவது, எனக்கு மிகவும் பிடித்தது: இசட்.எஃப்.பி.36.எல்.2 என்ற புரதம். இது டி.என்.ஏ.வைத் தொடுவதே இல்லை. மரபணுவிலிருந்து படியெடுத்த மெசஞ்சர் ஆர்.என்.ஏ.வின் வாலில் ஏ-யும் யு-வும் நிறைந்த பகுதி இருந்தால் அதில் ஒட்டி, அந்த ஆர்.என்.ஏ. சீக்கிரம் சிதையும்படி செய்கிறது. பி.எஃப்.யு-ஈ கட்டத்தில் இது ஏராளமாக இருக்கும், முதிர முதிரக் குறையும். ஸ்டீராய்டு கொடுத்தால் இது கூடுகிறது. முதிர்வதற்குத் தேவையான மரபணுக்களின் ஆர்.என்.ஏ.க்களில் சிலவற்றை இது தட்டி வைக்கிறது. இது இல்லாவிட்டால் பி.எஃப்.யு-ஈ தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ள முடியாது என்று 2013ல் எலிச் செல்களில் காட்டினார்கள். ஆக, 'ஜீன் எக்ஸ்பிரஷன்' என்றதும் டி.என்.ஏ.வை மட்டும் பார்த்துவிட்டு நிற்காதீர்கள். படியெடுத்த ஆர்.என்.ஏ. எவ்வளவு நேரம் பிழைத்திருக்கிறது என்பதும் அதில் அடக்கம்.

மூன்றாவது, செல் பிரிதலின் வேகத்தைக் கட்டுக்குள் வைக்கும் பி57 என்ற புரதம். மனித முன்னோடிகளில் டெக்ஸாமெத்தசோன் இதை உயர்த்துகிறது. ஸ்டீராய்டுக்குப் பலன் தெரியாத டைமண்ட்-பிளாக்ஃபேன் நோயாளிகளின் (சிவப்பணு முன்னோடிகள் அரிதாகிவிடும் நோய், ஏழாம் படியில் பார்ப்போம்) செல்களில் பி57 சரியாக இயங்குவதில்லை என்று 2020ல் வெளியான ஆய்வு சொல்கிறது.

அடங்குகிற பக்கம் காட்டா-1. சிவப்பணுவின் முதிர்ச்சியை நடத்தும் தலைமைப் புரதம் இதுதான். ஹீமோகுளோபின், ஹீம் தயாரிக்கும் என்சைம்கள், சவ்வுப் புரதங்கள் ஆகியவற்றின் மரபணுக்களை எல்லாம் திறப்பது இதன் வேலை. ஹார்மோனோடு சேர்ந்த குளூக்கோகார்ட்டிகாய்டு ரிசப்டர் காட்டா-1ன் வேலையைத் தடுக்கும் என்று 1993லேயே எலியின் ரத்தப்புற்றுச் செல்களில் பார்த்திருக்கிறார்கள். ஈஸ்ட்ரோஜன் ரிசப்டரும் அப்படிச் செய்யும் என்று 1995ல் தெரிந்தது.

ஐந்தாம் படி: தாமதத்தை எண்ணிக்கையாக்கிப் பாருங்கள்

இனி அந்த மாணவரின் கேள்விக்கு வருவோம். நம் பக்கத்து விவசாயி ஆற்காடு கிச்சிலி சம்பாவை அறுத்ததும் எல்லாவற்றையும் குத்தி அரிசியாக்கிவிட மாட்டார், விதைநெல்லை எடுத்துவைப்பார். ஸ்டீராய்டு மஜ்ஜையில் செய்வதும் அதுதான். சில முன்னோடிகளை உடனே சிவப்பணுவாக்காமல் இன்னொரு சுற்றுக்கு எடுத்துவைக்கிறது.

நோட்டை எடுத்துக் கணக்குப் போடுங்கள். ஒரு முன்னோடி நேராக முதிர்ந்தால் 64 சிவப்பணு தரும் என்று வைத்துக்கொள்வோம் (கணக்குக்காக எடுத்த எண்தான்). முதிரும் முன் ஒருமுறை தன்னையே இரண்டாக்கிக்கொண்டால் 128. மூன்று முறை செய்தால் எட்டு முன்னோடி, 512 சிவப்பணு. கொடுத்த விலை மூன்று சுற்று நேரம். நிஜத்தில் பிரியும் எல்லா மகள் செல்லும் முன்னோடியாகவே தங்காது. சில முதிரப் போய்விடும். ஆகவே எண் இவ்வளவு சுத்தமாக வராது. ஆனாலும் கூடும் திசை மாறாது.

ஆறாம் படி: பிடியை விடும் நேரம்

முன்னோடிகள் எவ்வளவு பெருகினாலும் கடைசியில் முதிர்ந்தே ஆக வேண்டும். சி.எஃப்.யு-ஈ கட்டத்துக்கு வந்ததும் செல் உயிர் பிழைக்கவே எரித்ரோபாய்ட்டின் வேண்டும். காட்டா-1 கூடக்கூட, அதுவரை அதே டி.என்.ஏ. இடங்களில் உட்கார்ந்திருந்த காட்டா-2 என்ற உறவுப் புரதத்தை எழுப்பிவிட்டு அந்த இடத்தில் தானே அமர்கிறது. கே.எல்.எஃப்.1 என்ற புரதம் வந்து, ஹீமோகுளோபினின் ஒரு பகுதியான பீட்டா குளோபினின் மரபணுவை முழுவீச்சில் இயக்குகிறது. நியூக்ளியஸ் சுருங்கி இறுகுகிறது. அதற்கு மேல் ஸ்டீராய்டு சொல்லிக் கேட்க அங்கே எதுவும் இல்லை.

உடம்பின் சொந்தக் கார்ட்டிசாலுக்கும் இதே வேலை உண்டா, இல்லை மாத்திரைக்கு மட்டும்தானா? இதைத் தெளிவாக்கியது 1999ல் வெளியான எலி ஆய்வு. ரிசப்டரே இல்லாத எலிக்குட்டிகள் பிறந்ததும் நுரையீரல் சரியில்லாமல் இறந்துவிடும். ஆகவே ரிசப்டர் இருந்தும் அது ஜோடி சேர்ந்து டி.என்.ஏ.வைப் பிடிக்க முடியாதபடி மாற்றப்பட்ட எலிகளை எடுத்துக்கொண்டார்கள். சாதாரண நாளில் அவற்றின் ரத்தத்தில் பெரிய குறை தெரியவில்லை. ஆக்சிஜன் குறைந்த இடத்தில் வைத்தபோதும், சிவப்பணுக்களை உடைக்கும் மருந்து கொடுத்தபோதும், மற்ற எலிகள்போல் முன்னோடிகளை வேகமாகப் பெருக்க அவற்றால் முடியவில்லை. அதாவது, இந்த ஏற்பாடு அவசர காலத்துக்கானது. மனிதர்களிலும் இதன் சாயல் உண்டு: அட்ரினல் செயலிழந்த அடிசன் நோயில் லேசான ரத்தசோகை வரும், கார்ட்டிசால் மிகும் குஷிங் நோயில் சிலருக்கு ஹீமோகுளோபின் கூடுதலாக இருக்கும்.

ஏழாம் படி: டைமண்ட்-பிளாக்ஃபேன் பிள்ளைகள்

டைமண்டும் பிளாக்ஃபேனும் 1938ல் விவரித்த இந்த நோய் பெரும்பாலும் ஒரு வயதுக்குள் தெரிந்துவிடும். வெள்ளணு, தட்டணு பெரும்பாலும் சரியாக இருக்க, சிவப்பணு முன்னோடிகள் மட்டும் மஜ்ஜையில் அரிதாகிவிடும். 1999ல் முதன்முதலாக ஆர்.பி.எஸ்.19 என்ற மரபணுவில் பழுது கண்டுபிடித்தார்கள். அது ரைபோசோமின் (செல்லில் புரதம் தயாரிக்கும் பொறி) புரதம் ஒன்றுக்கான மரபணு. பிறகு இன்னும் பல ரைபோசோம் புரத மரபணுக்கள் இந்தப் பட்டியலில் சேர்ந்தன. எல்லாச் செல்லுக்கும் தேவையான ரைபோசோம் பழுதானால் சிவப்பணு மட்டும் ஏன் குறைய வேண்டும்? ரைபோசோம் குறையும்போது காட்டா-1 புரதம் தயாராவது மற்றவற்றைவிட அதிகம் அடிபடுகிறது என்பது பதிலின் ஒரு பகுதி. ரைபோசோமில் குறையே இல்லாமல் காட்டா-1 மரபணுவிலேயே பழுது உள்ள குடும்பங்களும் 2012ல் தெரியவந்தன. இரண்டும் சேர்ந்து ஒரே இடத்தைக் காட்டுகின்றன.

இந்த நோய்க்கு ஸ்டீராய்டு 1950களிலிருந்து கொடுக்கப்படுகிறது. முதலில் பத்தில் எட்டுப் பேருக்குப் பலன் தெரியும். ஸ்டீராய்டு அந்தப் பழுதான மரபணுவைச் சரிசெய்வதில்லை. முன்னோடிகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதால், அவற்றில் பாதி வழியில் செத்தாலும் கரையேறும் செல்கள் போதுமான அளவுக்கு வருகின்றன. மருந்தை நிறுத்தினால் ரத்தம் இறங்குவது இதனால்தான். வளர்ச்சியையும் தடுப்பூசிகளையும் மனதில் வைத்து, முதல் வயதில் ரத்தம் ஏற்றியே சமாளித்து, அதன் பிறகு ஸ்டீராய்டு தொடங்குவதுதான் வழக்கம். பிறகு டாக்டர் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, ரத்தம் நிற்கும் மிகச் சிறிய அளவைத் தேடுவார்.

பெற்றோர் இரண்டை உறுதியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். மாத்திரையைத் திடீரென நிறுத்தக் கூடாது. வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டிருந்தால் பிள்ளையின் அட்ரினல் சுரப்பி சுரப்பதைக் குறைத்திருக்கும். சட்டென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. இன்னொன்று, "ரத்தம் ஊறுமாம்" என்று யாரோ சொல்லக் கேட்டு மருந்துக்கடையில் ஸ்டீராய்டு வாங்கி வீட்டிலுள்ள மற்றவர்களுக்குக் கொடுக்கக் கூடாது. நம் பெண்களுக்கு வரும் ரத்தசோகையில் மிகப் பரவலானது இரும்புச்சத்துக் குறைவு. இரும்பு இல்லாத மஜ்ஜையில் முன்னோடிகளை எத்தனை மடங்கு பெருக்கினாலும் ஹீமோகுளோபின் எங்கிருந்து வரும்? சர்க்கரை ஏறும், எலும்பு தேயும், பதுங்கியிருக்கும் காசநோய் கிளம்பும். மிச்சம் அவ்வளவுதான்.

உடம்பே தன் சிவப்பணுவை அழிக்கும் ஆட்டோஇம்யூன் ஹீமோலிட்டிக் அனீமியாவிலும் ஸ்டீராய்டு தருவார்கள். அங்கே அது முக்கியமாக நோயெதிர்ப்பு மண்டலத்தை அடக்குவதற்காக. தேர்வில் இரண்டையும் ஒன்றாக எழுதிவிடாதீர்கள்.

எட்டாம் படி: மற்ற ஸ்டீராய்டுகள்

டெஸ்டோஸ்டிரோனும் ஸ்டீராய்டுதான். ரத்தசோகைக்கான உலக சுகாதார நிறுவனத்தின் ஹீமோகுளோபின் எல்லை, ஒரு டெசிலிட்டர் ரத்தத்துக்கு ஆணுக்கு 13 கிராம், கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12 கிராம். பருவ வயதில் தோன்றும் இந்த வித்தியாசத்தில் டெஸ்டோஸ்டிரோனுக்குப் பெரும் பங்கு உண்டு. அது எரித்ரோபாய்ட்டினைத் தூண்டுகிறது, இரும்பைக் கட்டுப்படுத்தும் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைக் குறைத்து இரும்பு எளிதாகக் கிடைக்கச் செய்கிறது. மஜ்ஜை செயலிழக்கும் சில நோய்களில் டானசால் போன்ற ஆண் ஹார்மோன் வகை மருந்துகள் பயன்படுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு: குரோமோசோம் முனைகளைக் காக்கும் டெலோமெரேஸ் என்சைமின் மரபணு ஆண் ஹார்மோன்களால் தூண்டப்படுகிறது.

ஒன்பதாம் படி: ரிப்போர்ட்டில் இதைத் தேடுங்கள்

மரபணுவின் கடைசித் தடயத்தைச் சாதாரண லேபிலேயே கண்ணால் பார்க்கலாம். ஈ.டி.டி.ஏ. குழாயிலிருந்து (ரத்தம் உறையாமல் காப்பது) எடுத்த ரத்தமும் நியூ மெத்திலீன் புளூ சாயமும் சம அளவு கலந்து, 37 டிகிரியில் 15 நிமிடம் வைத்து, ஸ்மியர் இழுத்து, எண்ணெய் விட்டு 100 லென்ஸில் பாருங்கள். செல்களை ஃபிக்ஸ் செய்யும் முன்பே சாயம் ஏற்ற வேண்டும் என்பதை மறக்காதீர்கள். வெளிர்ந்த வட்டங்களுக்கு நடுவே சிலவற்றில் நீல வலை தெரியும். ரைபோசோம் ஆர்.என்.ஏ. சாயத்தோடு திரண்டு நிற்பது அது. மஜ்ஜையை விட்டு இப்போதுதான் வந்த செல்லில் வலை அடர்த்தியாக இருக்கும், கொஞ்சம் மூத்ததில் இரண்டு மூன்று புள்ளிதான் இருக்கும். 1000 சிவப்பணு எண்ணி அதில் எத்தனை ரெட்டிகுலோசைட் என்று சதவீதம் போடுங்கள். பெரியவர்களுக்கு 0.5 முதல் 2.5 வரை இயல்பு.

ரத்தசோகையில் அந்தச் சதவீதத்தை அப்படியே நம்ப முடியாது. ஹெமட்டோக்ரிட்டை (ரத்தத்தில் சிவப்பணு பிடிக்கும் இடத்தின் சதவீதம்) 45ஆல் வகுத்து, வருவதால் அந்தச் சதவீதத்தைப் பெருக்க வேண்டும். ரெட்டிகுலோசைட் 3, ஹெமட்டோக்ரிட் 24 என்றால் திருத்திய எண் 1.6. முதல் பார்வைக்கு உயர்வாகத் தெரிந்தது இயல்புக்குள் வந்துவிட்டது, பார்த்தீர்களா?

நேரத்தையும் கவனியுங்கள். ஸ்டீராய்டு கொடுத்த சில மணி நேரத்திலேயே நியூட்ரோஃபில் ஏறும், லிம்ஃபோசைட்டும் இயோசினோஃபிலும் இறங்கும். ரத்தக் குழாய்ச் சுவரில் ஒட்டியிருந்த வெள்ளணுக்கள் ஓட்டத்துக்கு வருவது அதற்கு ஒரு காரணம். அந்த ஏற்றத்தைப் பார்த்து உடனே தொற்று என்று முடிவு கட்டாதீர்கள். ரெட்டிகுலோசைட் ஏற வாரங்கள் ஆகும், முன்னோடி பெருகி, முதிர்ந்து, வெளியே வர வேண்டுமே. ஹீமோகுளோபின் அதற்கும் பிறகு. மாத்திரை தொடங்கி நாலு நாளில் ஹீமோகுளோபின் ஏறவில்லை என்று கலங்கும் பெற்றோருக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள்.

கடைசியாக, ரத்தம் ஏற்றிய தேதி. ஏற்றிய ரத்தம் ஹீமோகுளோபினை உயர்த்திக் காட்டும், எரித்ரோபாய்ட்டின் தூண்டுதலைக் குறைத்து ரெட்டிகுலோசைட்டையும் இறக்கிக் காட்டும். அந்தத் தேதி தெரியாமல் மருந்து வேலை செய்கிறதா என்று யாராலும் சொல்ல முடியாது. ஃபைலின் முதல் தாளிலேயே ரத்தம் ஏற்றிய தேதி, மாத்திரையின் அளவு, அளவு மாற்றிய தேதி, அன்றைய பிள்ளையின் எடை ஆகிய நான்கையும் வரிசையாக எழுதி வையுங்கள். டாக்டர் முதலில் கேட்கப்போவதும் அதைத்தான்.